இரண்டு என்ற எண்ணின் விலை

2009ஆம் ஆண்டு ஜூலையில் அமேசான் நிறுவனம் தன் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு மின்பதிப்பை, காசு கொடுத்து வாங்கியிருந்த வாசகர்களைக் கேளாமலேயே அழித்தது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது அது சொன்ன காரணம். பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. இருந்தும் வாசக உலகம் கொதித்தது. ஜெஃப் பெஸோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கோபம் நியாயமானதுதான். வாங்கிய நூலை விற்றவன் வீடு புகுந்து எடுத்துச் செல்வதை எந்த வாசகனும் பொறுக்கமாட்டான்.

2022 அக்டோபரில் அதைவிடப் பெரிய அழிப்பு ஒன்று நடந்தது. கோடிக்கணக்கானோர் ஆடியிருந்த ஒரு படைப்பு ஒரே நாளில் இல்லாமற் போனது. யாருக்கும் பணம் திரும்பவில்லை. இலக்கியம் பேசும் நம் வட்டாரங்களில் ஒரு முணுமுணுப்புகூட எழவில்லை. அழிந்தது நாவல் அல்ல, 'சுடுகிற விளையாட்டு' என்பதே அந்த மௌனத்துக்குக் காரணம். பிள்ளைகள் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அந்த அலட்சியத்தின் மீதுதான் எனக்கு முதல் சண்டை. அதன் பின்னரே பிளிஸார்ட் நிறுவனத்தின் மீது.

ஓவர்வாட்ச் 2016 மே 24 அன்று வெளிவந்தது. அணிக்கு அறுவர். வெளியான அன்று 21 நாயகர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்த ஆயுதம், தனித்த நடை, தனித்த குரல். கணினியில் அதன் அடிப்படை விலை 40 டாலர். விளையாட்டின் உயிர்நாடி ஒரே ஒரு விதியில் இருந்தது: ஆட்டத்தின் நடுவே எத்தனை முறை வேண்டுமானாலும் நாயகனை மாற்றிக்கொள்ளலாம். எதிரணி சுவர் எழுப்பினால் சுவரைத் தாண்டுபவனை எடு. எதிரணி பறந்தால் பறப்பவனை வீழ்த்துபவனை எடு. எனவே எல்லா நாயகர்களும் எல்லோர் கையிலும் இருந்தாக வேண்டும். புதிதாக வந்தவர்களையும் கூடுதல் விலையின்றியே கொடுத்தார்கள். இது தாராள குணம் மட்டுமல்ல. அந்த ஆட்டத்தின் இலக்கணமே அதைக் கோரியது.

அது குறையற்ற ஆட்டம் என்று சொல்ல வரவில்லை. உடைகளையும் அலங்காரங்களையும் குலுக்கல் பெட்டிகளில் அடைத்து விற்ற பாவம் அதற்கும் உண்டு. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் அந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்ப்பளித்தது. அவ்வாண்டே அந்நாட்டில் அவற்றை விற்பதை நிறுவனம் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் அந்தச் சூது அலங்காரத்தோடு நின்றது. ஆடுகளத்துக்குள் பணம் நுழையவில்லை.

2019 நவம்பரில், கலிஃபோர்னியாவின் அனஹைமில் நடந்த பிளிஸ்கான் விழாவில், 'ஓவர்வாட்ச் 2' அறிவிக்கப்பட்டது. மேடையில் நின்று பேசியவர் அன்றைய இயக்குநர் ஜெஃப் காப்லன். முக்கியமான வாக்குறுதிகள் மூன்று. ஒன்று, நண்பர்கள் சேர்ந்து ஆடக்கூடிய கதைப்பகுதி. இரண்டு, மீண்டும் மீண்டும் ஆடத்தக்க 'நாயகப் பணிகள்'. அவற்றில் ஒவ்வொரு நாயகனும் படிப்படியாக வளர்வான், புதிய திறன்களைத் தேர்ந்துகொள்வான். மூன்று, பழைய ஆட்டத்தை வாங்கியவர்கள் கைவிடப்பட மாட்டார்கள். போட்டி ஆட்டத்தில் பழையவரும் புதியவரும் ஒரே களத்தில் நிற்பார்கள். அரங்கம் ஆர்ப்பரித்தது. இரண்டு என்ற எண்ணுக்கு அன்று ஒரு பொருள் இருந்தது: நமக்குப் பிடித்தமான மனிதர்களின் கதை இனிமேல்தான் சொல்லப்படப் போகிறது என்ற பொருள்.

அதற்காகப் பழைய ஆட்டத்தின் அடுப்பை அணைத்தார்கள். 2020 ஏப்ரலில் வந்த எக்கோதான் அதன் 32ஆவது நாயகி. கடைசி நாயகியும் அவளே. அதற்குப் பின் இரண்டரை ஆண்டுகள் புதிய முகம் எதுவும் இல்லை. 2021 ஏப்ரலில் காப்லன் நிறுவனத்தை விட்டே விலகினார். ஆரன் கெல்லர் பொறுப்பேற்றார். 2022 மார்ச்சில், போட்டிப் பகுதி முதலில் வரும், கதைப்பகுதி பிறகு வரும் என்றார்கள். ஆடியவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். வரப்போவது பெரியது என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது அல்லவா?

2022 அக்டோபர் தொடக்கத்தில் பழைய ஆட்டத்தின் வழங்கிகளை அணைத்தார்கள். அக்டோபர் 4 அன்று புதியது திறந்தது. இது காசில்லா ஆட்டம், யாரும் வரலாம் என்றார்கள். வந்தவர்கள் கண்டது என்ன? வாக்களிக்கப்பட்ட கதைப்பகுதி இல்லை. திறன்வளர்ச்சி இல்லை. அறுவர் அணி ஐவராகச் சுருங்கியிருந்தது. கடை மட்டும் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. சிறந்த உடை ஒன்றுக்கு ஏறத்தாழ 20 டாலர். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று ஊரில் சொல்வார்கள். இங்கே அதற்கும் ஒரு படி மேல்: கைவிட்டவர்கள் ஆடுபவர்கள் அல்லர். அரசன் வருகிறான் என்று சொல்லி, புருஷனை அவர்களே அப்புறப்படுத்தினார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது புதிய நாயகர்களைப் பூட்டி வைத்ததுதான். புதிதாகச் சேர்ந்தவர் பழைய நாயகர்கள் அனைவரையும் பெற ஏறத்தாழ 100 ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் வந்த ராமாட்ராவைப் பெற வேண்டுமானால், 'பேட்டில் பாஸ்' எனப்படும் பருவச்சீட்டில் 55ஆம் படிவரை உழைத்து ஏற வேண்டும். அல்லது 10 டாலர் கொடுத்து உடனே வாங்கிக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவே பதிலுக்குப் பதில் நாயகனை மாற்றுவதே இந்த விளையாட்டின் இலக்கணம் என்று சொன்னேன். அந்தப் பதில்களில் ஒன்றைக் கடையில் பூட்டி வைப்பது, சதுரங்கத்தில் குதிரையை மாதச் சந்தாவுக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இதைச் செய்தவர்களுக்குத் தம் படைப்பின் இலக்கணம் தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்தே செய்தார்கள். 2024 ஏப்ரலில், பத்தாம் பருவத்தில், அந்தப் பூட்டை அவர்களே கழற்றினார்கள். தவறு என்று முதல்நாளே எல்லோரும் சொன்ன ஒன்றை உணர ஒன்றரை ஆண்டு பிடித்தது.

அணியை ஐவராக்கியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் சற்று நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரீசாவும் சிக்மாவும் சேர்ந்து கேடயத்தின் மேல் கேடயம் வைத்தால் ஆட்டம் தேங்கிப் போகும். முன்னணிக் காவலராக ஆட ஆள் குறைவு என்பதால் மற்றவர்கள் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் அந்த நோய்க்கு மருந்து கேடயங்களைத் திருத்துவது. காவலர் இருவரில் ஒருவரை நீக்கியது மருந்தல்ல, அங்கச்சேதம். ரைன்ஹார்ட் கேடயம் ஏந்தி நிற்க, ஸார்யா அவனைத் தன் குமிழியால் போர்த்துவாள். இருவரும் ஒருவரையொருவர் நம்பித்தான் முன்னேற முடியும். அப்படி ஜோடியாக ஆடவே இரவுதோறும் கூடிய நண்பர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருக்கு இனி இடமில்லை என்றானது. எஞ்சிய ஒற்றைக் காவலன் தலையில் தோல்வியின் பழி முழுவதும் விழுந்தது. அவன் சாய்ந்தால் அணி சாய்ந்தது.

இவ்வளவையும் கதைப்பகுதிக்காகப் பொறுத்திருந்தவர்களுக்கு 2023 மே மாதம் பதில் கிடைத்தது. நாயகப் பணிகளும் திறன்வளர்ச்சியும் கைவிடப்பட்டன என்று அறிவித்தார்கள். பிறகு கெல்லர் எழுதிய விளக்கத்தைப் படித்தேன். ஓவர்வாட்சுக்கு முன் 'டைட்டன்' என்றொரு பெருங்கனவு இருந்தது, அது கைவிடப்பட்டது, அந்த இடிபாட்டிலிருந்து எழுந்ததே ஓவர்வாட்ச். முதலில் தவழ்வது, பின்பு நடப்பது, பின்பு ஓடுவது என்பது திட்டம். முதல் ஆட்டம் தவழ்தல், கதைப்பகுதி நடத்தல், என்றாவது வரப்போகும் பேருலகம் ஓட்டம் என்கிறார். மனம் திறந்த விளக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதன் பொருளைக் கவனியுங்கள். ஆடியவர்களுக்கு அந்தத் தவழும் குழந்தைதான் குழந்தை. அதற்குத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள், அதனோடுதான் வாழ்ந்தார்கள். உருவாக்கியவர்களுக்கோ அது வேறொன்றை எட்டுவதற்கான படிக்கட்டு. பிறக்காத பிள்ளைக்காக, இருந்த பிள்ளைக்கு இரண்டரை ஆண்டுகள் சோறு போடாமல் விட்டார்கள். கடைசியில் இரண்டையும் இழந்தோம்.

2023 ஆகஸ்ட் 10 அன்று 'இன்வேஷன்' என்ற பெயரில் கதையில் மூன்று பணிகள் மட்டும் வந்தன. அவற்றை ஆட அன்று 15 டாலர் பொதியை வாங்க வேண்டியிருந்தது. அதே நாளில் ஸ்டீம் தளத்திலும் ஆட்டம் நுழைந்தது. வாங்கியவர்கள் கருத்தெழுத ஓர் இடம் கிடைத்ததும், சில நாட்களிலேயே அத்தளத்தின் மிகமோசமாக மதிப்பிடப்பட்ட ஆட்டம் என்ற பெயரை அது பெற்றது. அந்தக் கண்டனங்களில் பெரும்பகுதி சீன மொழியில் இருந்தன. காரணம் உண்டு. 2023 ஜனவரியில், சீனத்தில் தன் ஆட்டங்களை நடத்திவந்த நெட்ஈஸ் நிறுவனத்துடனான பிளிஸார்டின் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அந்நாட்டு ஆட்டக்காரர்கள் ஒரே இரவில் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில்தான் ஓவர்வாட்ச் அங்கே திரும்பியது. இரண்டு நிறுவனங்கள் கணக்கில் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒரு நாடே ஈராண்டுகள் தன் ஆட்டத்தை இழந்து நின்றது.

இனி எதிர்வாதங்கள். 'இணைய ஆட்டங்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும்' என்பார்கள். மாறட்டும். மாறுவது வேறு, பழையதை எட்டாமல் செய்வது வேறு. ஒரு நாவலாசிரியர் தன் நூலைத் திருத்தி வெளியிடலாம். நம் அலமாரியில் உள்ள முதற்பதிப்பை எரிக்க அவருக்கு உரிமையில்லை.

'பழைய ஆட்டத்தை வைத்திருக்கத் தொழில்நுட்பம் இடம் தராது' என்பார்கள். 2024 நவம்பரில் பிளிஸார்டே 2016ஆம் ஆண்டின் ஆட்டத்தை, அறுவர் அணியோடும் 21 நாயகர்களோடும், சில வாரங்களுக்குத் திறந்து காட்டியது. முடியும் என்று அவர்களே நிரூபித்துவிட்டார்கள். தவிர, 'குவேக் 3' ஆட்டத்தின் மூலநிரலை 2005இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் பொதுவில் விட்டது. 1999இல் வந்த அந்த ஆட்டத்தை, யார் வேண்டுமானாலும் தம் கணினியையே வழங்கியாக்கி ஆடலாம். அதன் சாவி ஆடுபவர் கையில் இருக்கிறது.

'உரிம ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியிருக்கிறதே' என்பார்கள். எழுதியிருக்கிறது, யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்கிறது. கடைப்பொத்தானில் 'வாங்கு' என்றும் ஒப்பந்தத்தில் 'வாடகை' என்றும் எழுதுவதற்குப் பெயர் வேறு. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியா மாநிலம், மின்பொருளை 'வாங்கு' என்று சொல்லி விற்பவர், அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. ஐரோப்பாவில், 'தி க்ரூ' என்ற கார்ப்பந்தய ஆட்டம் 2024இல் அணைக்கப்பட்டதை அடுத்து ராஸ் ஸ்காட் தொடங்கிய இயக்கம், 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. விற்ற ஆட்டத்தைக் கைகழுவும்போது அதை ஆடத்தக்க நிலையில் விட்டுச்செல்லுங்கள் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. இலவசமாகக் கேட்கவில்லை. வாங்கியதைக் கேட்கிறார்கள்.

'நேர்மையாக முயன்றார்கள், முடியவில்லை' என்பது கடைசி வாதம். தோற்பது குற்றமல்ல, கலையில் தோற்காதவர் யார்? எழுத எண்ணிய நாவலை முடிக்காமல் விட்டவர்மீது நமக்கு வருத்தம்தான் வரும், கோபம் வராது. ஆனால் அவர் எழுதாத நாவலைக் காட்டி, எழுதிய நாவலை நம் கையிலிருந்து பிடுங்கினால்? என் குற்றச்சாட்டு வாக்குறுதி நிறைவேறாதது பற்றியதல்ல. நிறைவேறாத வாக்குறுதியை அடகுபோல் காட்டி, நிறைவேறியிருந்ததை மீட்டுக்கொண்டது பற்றியது.

பூட்டிய நாயகர்களைத் திறந்துவிட்டார்கள். 2024 இறுதியில் அறுவர் அணியைச் சோதனையாக மீண்டும் கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பழைய குலுக்கல் பெட்டிகள்கூடத் திரும்பின. 2026 பிப்ரவரியில் பெயரிலிருந்து '2' என்ற எண்ணையே எடுத்துவிட்டு, மறுபடியும் வெறும் 'ஓவர்வாட்ச்' என்றார்கள். எந்த எண்ணுக்காக ஒரு படைப்பு அழிக்கப்பட்டதோ அந்த எண்ணும் போய்விட்டது. புதிய நாயகர்கள் வருகிறார்கள், ஆடுபவர்கள் மகிழட்டும். அவர்கள் மகிழ்ச்சியில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் 2016இல் 40 டாலர் கொடுத்தவரின் கணக்கு இன்னும் தீரவில்லை. அவர் வாங்கிய ஆட்டத்தை, அவர் நண்பரோடு, அவர் விரும்பும் இரவில் ஆட முடியும் என்ற நாள் வரும்வரை அது தீரவும் தீராது.