ஃபோர்டு போனது, ஃபோர்டு போகவில்லை

"ஃபாக்டரி எல்லாம் பழைய கதை, இனி அறிவுச் சேவைதான் வளர்ச்சி" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் குடியிருக்கும் காட்டாங்குளத்தூருக்கு வாங்க. அடுத்த ஸ்டேஷன் மறைமலைநகர். உங்கள் வாதத்துக்கான சோதனை அங்கே ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது.

2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 மே கடைசியில் மறைமலைநகர் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. ஆனால் பொறியியல், மென்பொருள், கணக்கு வேலைகளைப் பார்க்கும் ஃபோர்டின் சென்னை அலுவலகங்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. 2024 செப்டம்பரில் ஆலையை மீண்டும் திறக்க விருப்பக் கடிதம் கொடுத்தபோது, அந்தப் பிரிவில் தமிழ்நாட்டில் 12,000 பேர் இருப்பதாக நிறுவனமே சொன்னது.

பார்த்தீங்களா, சேவைத்துறை ஜெயிச்சிடுச்சு என்கிறார்கள். எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது. 12,000 பேரின் அறிவு இந்த ஊரில் இருக்கிறது, ஆனால் இந்த ஊருக்காக இல்லை. அது வேலை செய்வது அமெரிக்கத் தலைமையகத்துக்கு. பக்கத்தில் ஆலை இருந்தாலும் மூடினாலும் அதற்கு ஒன்றுதான்.

டிசைன், டெஸ்டிங், மென்பொருள், சட்ட ஆலோசனை போன்ற சேவைகள் ஒரு பொருளாதாரத்துக்கு ஏன் முக்கியம்? ஒரு கம்பெனியில் கற்றதை இன்னொரு கம்பெனிக்கு எடுத்துப்போவதால். தேனீ மாதிரி. நம்ம தேனீக்கள் கூடு கட்டுவது இங்கே, போய் உட்காருவது வேறு தேசத்துப் பூவில்.

நானும் அப்படி ஒரு தேனீதான். வெளிநாட்டு ஆலை ஒன்றில் கட்டிங் டூல் எப்போது தேயும் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் எழுதுகிறேன். மறைமலைநகரில் சிஎன்சி பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, இதையே நமக்கு ஒண்ணு போட்டுக் குடுக்க முடியுமா?" என் ஒரு மணி நேரத்துக்கு எங்கள் கம்பெனி போடும் டாலர் பில், அவர் இரண்டு ஆட்களுக்குத் தரும் ஒருநாள் சம்பளத்தைவிட அதிகம். பேச்சு அங்கேயே முடிந்தது.

"சந்தைன்னா அப்படித்தான், காசு இருக்கிறவன் வாங்குவான்" என்பீர்கள். சரி, அப்போ மானியம் எதற்கு? 2024-25 தமிழ்நாடு பட்ஜெட், இங்கே அமையும் உலகளாவிய திறன் மையங்களுக்குச் சம்பள மானியம் அறிவித்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளமுள்ள வேலைகளுக்கு முதல் ஆண்டு 30 சதவீதம், அடுத்து 20, பிறகு 10. இது பொதுப்பணம். அந்தப் பட்டறை அண்ணன் கட்டும் வரியும் இதில் இருக்கிறது.

இந்த மையங்களால் டாலர் வருகிறது, கூடுவாஞ்சேரி முதல் பொத்தேரி வரை அபார்ட்மென்ட் எழுகிறது, என் ஈஎம்ஐ-யும் போகிறது. மறுக்கவில்லை. ஆனால் வாடகையும் ஈஎம்ஐ-யும் ஒரு பட்டறைக்குத் தொழில்நுட்பம் கற்றுத்தராது.

கோவையில் சிறுதொழில் சங்கங்கள் சேர்ந்தே சிட்டார்க் என்ற சோதனை மையத்தை உருவாக்கின. பம்பு செய்கிற சின்னக் கம்பெனியும் தன் பம்பை அங்கே சோதித்துக்கொள்ளலாம். அறிவுச் சேவை உள்ளூரில் வேர் பிடிப்பது என்றால் அதுதான்.

ஆகவே மானியத்தோடு ஒரு நிபந்தனையும் வேண்டும். பணம் வாங்கும் ஒவ்வொரு மையமும் தன் பொறியாளர்களின் நேரத்தில் ஒரு பங்கை, அக்கம்பக்கச் சிறுதொழில்களுக்கு அவர்களால் தர முடிகிற விலையில் ஒதுக்க வேண்டும். முடியாது என்றால், மானியம் இல்லாமல் தாராளமாகத் தொழில் நடத்தட்டும்.