மஞ்சள் கடுதாசிக்கு முன் ஐந்தொகை போடுங்கள்

சென்ற ஆடி மாதம் முகப்பேர் ஏரித் திட்டப் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் நம் கிடங்குக்கு வந்தார். சரக்கு கேட்கவில்லை. "அண்ணாச்சி, பேசாம மஞ்சக் கடுதாசி குடுத்திரலாமான்னு பாக்கேன்" என்றார். நமக்கே அவர் இரண்டு லட்சம் பாக்கி! கோபம் வந்தது உண்மை. ஆனாலும் நேரில் வந்து சொன்னாரே என்று உட்கார வைத்து, பேரேட்டைக் கொண்டுவரச் சொன்னோம்.

ஐ.பி. கொடுப்பது பெரிய குற்றம் என்பார் சிலர். கொடுத்துவிட்டால் எல்லாக் கடனும் தீர்ந்தது என்பார் வேறு சிலர். இரண்டும் தவறு.

1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி நொடித்தது. அதன் முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனது நொடித்ததற்காக அல்ல, மோசடிக்காக. நொடிப்பு வேறு, ஏமாற்று வேறு. அன்றும் இன்றும் சட்டம் பார்ப்பது அதைத்தான்.

2016ஆம் ஆண்டின் புதிய திவால் சட்டம் கம்பெனிகளுக்கும் அவற்றின் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கும்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம்மைப் போன்ற தனிக் கடைக்காரர்களுக்கு 1909, 1920ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களே. அவை சொல்வதைக் கவனியுங்கள்.

அடகு வைத்த நகையும் அடமானம் வைத்த வீடும் தப்பாது. அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியும், ஏமாற்றி வாங்கிய கடனும் விடுதலைக்குப் பிறகும் தொடரும். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் மச்சான் பேருக்கு எழுதி வைத்த சொத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இல்லாவிட்டாலும், சொத்து ரூபாய்க்கு எட்டணாவுக்குக் குறைந்தாலும் முழு விடுதலை கிடைப்பது கடினம். எட்டணா தேறாதது தன் குற்றத்தால் அல்ல என்று காட்டினால் மட்டும் விலக்கு உண்டு. விடுதலை கிடைக்கும் வரை, தான் இன்சால்வென்ட் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் ஆறு மாதம் வரை சிறை!

தம்பியின் ஐந்தொகையைப் போட்டோம். மொத்த வியாபாரிகளுக்கு ஏழு லட்சம், தண்டலுக்கு மூன்று லட்சம், நகைக்கடன் இரண்டு லட்சம். சரக்கும் வர வேண்டிய பாக்கியும் சேர்த்து ஐந்தரை லட்சம். வாடகை போக நாளொன்றுக்கு 1,500 ரூபாய் லாபம் வருகிறது. ஆனால் தண்டல்காரர் தினம் 2,500 வாங்கிப் போகிறார். கடை நொடிக்கவில்லை, தண்டல் அதைத் தின்கிறது! கந்துவட்டிக்கும் தண்டலுக்கும் எதிராக 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதை எடுத்துச் சொன்ன பிறகு, அவர் அசலோடு நிற்க ஒப்புக்கொண்டார். வீட்டுச் செலவும் நகைக்கடன் வட்டியும் போக மாதம் 25,000 மிஞ்சும். நாற்பது மாதத்தில் பத்து லட்சமும் அடையும். புதுச் சரக்கு ரொக்கத்துக்கு மட்டுமே. இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நோயில் விழுந்து கடையை மூடிவிட்ட ஒருவருக்கு ரூபாய்க்கு இரண்டணாகூடத் தேறவில்லை. இனிச் சம்பாதிக்கவும் வழியில்லை. வக்கீலைப் பார்த்து ஐ.பி. கொடுக்கும்படி நாமே சொன்னோம். நம் பணமும் அதில் போனது. வருத்தமில்லை.

வருத்தம் வேறொன்றில் உண்டு. முப்பது ஆண்டுக்கு முன், பாக்கிக்காக ஒருவரைக் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கப் பேசினோம். அன்றிரவே குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். பணமும் வரவில்லை, அவர் என்ன ஆனார் என்றும் தெரியவில்லை. ஓடி ஒளிவதைவிட, உயிரை மாய்த்துக்கொள்வதைவிட, மஞ்சள் கடுதாசி ஆயிரம் மடங்கு மேல்.

எனவே சில்லறை வணிகர்களே, கடை வருமானத்தில் அசல் அடையும் என்றால் பேசித் தீருங்கள். அடையாது என்றால், எதையும் மறைக்காமல் கோர்ட்டுக்குப் போங்கள். மொத்த வணிகர்களாகிய நாமும், பாக்கிக்காரர் கணக்கோடு வந்தால் முதலில் ஒரு நாற்காலி போடுவோம். கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.