அரியர் விழுந்துடுச்சா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

செமஸ்டர் ரிசல்ட் வரும் அன்று அண்ணா பல்கலைக்கழக இணையதளம் லேசில் திறக்காது. பத்து முறை ரெஃப்ரெஷ் செய்து, பதிவு எண்ணைத் தட்டினால், கணக்கு பேப்பருக்கு நேரே ஒரு 'யு'. அதாவது அரியர். ஹாலிலிருந்து அம்மாவின் குரல்... "ரிசல்ட் வந்துருச்சாப்பா?"

"இன்னும் இல்லம்மா. சர்வர் டவுன்."

அரியரைவிட அதிகம் செலவு வைப்பது இந்தப் பொய்தான். அதற்குப் பிறகு வருவோம். முதலில் கணக்கு.

இன்ஜினீயரிங் மாணவர்களுக்கான 2021 ரெகுலேஷன்படி, தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். தேர்வில் மட்டும் தனியாக 45 சதவிகிதமும் வேண்டும். இன்டர்னலில் 23 வைத்திருப்பவருக்கு, 100-க்கு எழுதும் தேர்வில் 45 எடுத்தாலே போதும். அது 60-க்கு 27 ஆகி, மொத்தம் 50 வந்துவிடும். இன்டர்னலில் 15 மட்டுமே வைத்திருப்பவருக்கோ 60-க்கு 35 தேவை. அதாவது, 100-க்கு 59! ஒரே பேப்பரில், ஒரே பெஞ்சில் ஃபெயிலான இரண்டு பேருக்கு நடுவே 14 மார்க் வித்தியாசம். இது தெரியாமல் "இந்த வாட்டி நல்லா படிக்கணும்" என்று சபதம் எடுப்பது, எந்த ஊர் என்று பார்க்காமல் பஸ் ஏறுவது மாதிரி.

அடுத்து கேள்வித்தாள். 2 மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. வழக்கமாக ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டு 2 மார்க், ஒரு 13 மார்க் என 17 மார்க் இருக்கும். மூன்று யூனிட்டைக் கரைத்துக் குடித்தால் 51 ஆயிற்றே என்று தோன்றும். ஆனால், எழுதியதற்கெல்லாம் முழு மார்க் யார் போடுகிறார்கள்? 45 தேவைப்படுபவர் நான்கு யூனிட் படிப்பதுதான் பாதுகாப்பு. 59 தேவைப்படுபவருக்கு எதையும் விட வழியில்லை.

"எல்லாத்தையும் கடைசி செமஸ்டர்ல கிளியர் பண்ணிக்கலாம்டா" என்ற ஹாஸ்டல் தத்துவத்தை மட்டும் நம்ப வேண்டாம். சில நாள் காலையில் அரியர், மதியம் ரெகுலர் பேப்பர் என்று வந்து விழும். ஆறு அரியர் சேர்ந்தவருக்கு அந்த மாதம் தூக்கமே இருக்காது. கேம்பஸ் இன்டர்வியூவில் பல நிறுவனங்கள் ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது என்பார்கள். எழுதி முடித்த பழைய அரியரைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அரசு பார்த்துக்கொள்ளும் என்ற ஆசையும் ஒருமுறை வந்தது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்களுக்குத் தேர்ச்சி என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். போஸ்டர், மீம்ஸ் என்று ஊரே கொண்டாடியது. மறு வருடம் ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, தேர்வு நடத்தச் சொன்னது.

இப்போது அந்தப் பொய்க்கு வருவோம். விடைத்தாளில் சந்தேகம் இருந்தால் நகல் வாங்கிப் பார்த்து, பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். அதற்கு ரிசல்ட் வந்த பின் சில நாள்களே அவகாசம், பணமும் கட்ட வேண்டும். அரியர் பேப்பருக்கும் தனியே கட்டணம் உண்டு. கடைசித் தேதியைத் தவறவிட்டால் அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டியதுதான். வீட்டில் சொல்லாத பிள்ளை இந்தப் பணத்தை யாரிடம் கேட்கும்? நண்பனிடம் கடன், கிடைக்காவிட்டால் ஒரு பேப்பரைக் கட்டாமல் விடுவது. இப்படித்தான் ஒன்று மூன்றாகிறது.

அப்பாவிடம் பேச பயமென்றால் அம்மா, அம்மாவும் முடியாதென்றால் அக்கா, மாமா என யாரோ ஒருவர். வீட்டில் யாரிடமும் வாய் திறக்க முடியாமல் மனது இருண்டு கிடந்தால் 104, 14416 எண்களில் எந்த நேரமும் பேசலாம். பெற்றோர்களே, பிள்ளை சொல்ல வரும்போது "பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை?" என்று கேட்காதீர்கள். "ஃபீஸ் கட்ட கடைசித் தேதி என்னைக்கு?" என்று கேளுங்கள்.