ஒரு சர்வரில் இரு பதிப்புகள்

போஸ்ட்கிரெஸ் 13-இன் கடைசித் திருத்த வெளியீடு 2025 நவம்பர் 13-ஆம் தேதி வந்தது. அத்துடன் அந்தப் பதிப்பின் ஆதரவுக் காலம் முடிந்தது. அதே வாரத்தில் மத்திய அரசாங்கம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளையும் அரசிதழில் பிரசுரித்தது. இவ்விரண்டும் ஒருசேர வந்ததன் பயனாக, திருவண்ணாமலை விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தரவுத்தளப் பராமரிப்புச் செய்து வரும் நம்மவர் சிலரிடம் தணிக்கையாளர்கள் ஒரு நிபந்தனையை முன்வைத்திருக்கிறார்கள்: ஒரு சர்வரில் ஒரே பதிப்புதான் நிறுவப்பட்டிருக்க வேண்டும்; இரண்டு இருந்தால் அது குறைபாடு.

இந்த நிபந்தனையை நாம் ஏற்பதற்கில்லை. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு என்னும்போது நிர்வாகிகள் அஞ்சுவது நியாயமே. ஆனால் ஆறாம் விதி கேட்பவை மறையாக்கம், அணுக்கக் கட்டுப்பாடு, ஓராண்டு லாக், பேக்கப் முதலியவை. பதிப்புகளின் எண்ணிக்கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மேலும், பதிப்பை மேம்படுத்தும் பிஜி_அப்கிரேட் என்ற கருவியே பழைய பைனரியும் புதிய பைனரியும் ஒரே இயந்திரத்தில் அருகருகே இருந்தாலன்றி இயங்காதது. பழைய பதிப்பை விட்டொழி என்று கட்டளையிடுகிறவர்களே அதை விட்டொழிக்கும் வழியையும் அடைக்கிறார்கள். 5432-இல் ஒன்று, 5433-இல் மற்றொன்று, தனித்தனித் தரவு அடைவு, வெளியிலிருந்து எட்டாத இரண்டாவது போர்ட், இரண்டுக்கும் பேக்கப், முடிவுத் தேதி எழுதிவைத்த திட்டம் என்று இருக்குமானால் அது நல்ல நிர்வாகமே. 2025 டிசம்பர் 3-ஆம் தேதி கார்த்திகைத் தீபம் ஏறும் வரையில், அறைகளெல்லாம் நிறைந்திருந்த நாட்களில், விடுதிச் சர்வரைத் தொடாமல் இரண்டையும் ஓடவிட்டவர்கள் விவேகமான காரியமே செய்தார்கள்.

நம் உண்மையான கவலை வேறு. நிபந்தனைக்குப் பயந்தவர்கள், தணிக்கைப் பட்டியலில் இன்னும் ஏறாத ஒரு புதிய இயந்திரத்திற்குத் தரவு அடைவை அப்படியே நகலெடுத்து, அங்கே மேம்படுத்துகிறார்கள். பழையது உபுண்டு 18.04, புதியது 22.04 என்றால் இடையில் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வந்துவிடுகிறது. 2018-இல் வெளிவந்த அதில் எழுத்து வரிசை விதிகள் பெருமளவில் மாறின. பி-ட்ரீ இண்டெக்ஸோ பழைய வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கிறது. பிஜி_அப்கிரேட் அதை மீண்டும் கட்டுவதில்லை. இப்படி மாற்றப்பட்ட ஒரு விடுதியின் பதிவேட்டில், கல்யாணி என்ற பெயரை எழுத்தர் தட்டித் தேடியபோது அப்படி ஒருவர் இல்லை என்று திரை சொல்லிற்று. பட்டியலை முழுதும் உருட்டிப் பார்த்தால் அந்த அம்மாளின் பெயர் அங்கேயே இருந்தது. பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. 13-ஆம் பதிப்பில் தரவுத்தளத்தின் இயல்பு வரிசை விதி, அதாவது கொலேஷன், மாறியதை எச்சரிக்க ஏற்பாடும் இல்லை. அது 15-இல்தான் வந்தது. பழைய இயந்திரத்திலேயே இரண்டு பதிப்புகளும் ஒரே ஜிலிப்சியின் கீழ் ஓடியிருந்தால் இந்த விபத்து நேர்ந்திராது.

இதற்கு அஞ்சிப் பலர் சி கொலேஷனுக்குத் தாவுகிறார்கள். அங்கே வரிசை மாறாது என்பது மெய். ஆனால் அது தமிழ் வரிசையும் அன்று. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால் கமலாவுக்கு முன் கனகா வருகிறாள். புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் கல்யாணிக்கு முன் கலா வருகிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் பிழையென்று சொல்லும் இந்த வரிசையில்தான் நம் சொற்களும் பெயர்களும் நிரந்தரமாக அடுக்கப்பட வேண்டுமா? ஐசியு நூலகத்தின் தமிழ்க் கொலேஷன் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவார் இல்லை.

2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக ஏற்றது. பின்னதில் எண்வரிசையே அகராதி வரிசையாக அமைந்திருந்தும், தரவுத்தளங்களில் அது வேரூன்றவில்லை. அதற்குப் பிறகு, நாம் கண்ட அரசுக் கொள்முதல் நிபந்தனைகள் ஒன்றிலும் தமிழ் அகரவரிசை சோதிக்கப்பட வேண்டும் என்று எழுதப்பட்டதைப் பார்த்ததில்லை. எட்டாம் பிரிவில் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் முரணின்றியும் இருக்க வேண்டும் என்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கிறதே, தன் பெயரிலேயே தன் பதிவைக் காண முடியாத யாத்ரீகரின் தரவு முழுமையானதா? எத்தனை பதிப்புகள் என்று எண்ணிக் குறிப்பெழுதும் அதிகாரிகள் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டு நாம் எழுதிய கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வர 2027 மே வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள், நகர்த்தப்பட்ட ஒவ்வொரு தளத்திலும் இண்டெக்ஸைச் சரிபார்க்கும் ஆம்செக்கை ஓட்டுங்கள். சந்தேகமிருந்தால் எழுத்து நிரல்களின் இண்டெக்ஸ்கள் அனைத்தையும் ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள். லிங்க் முறையில் மேம்படுத்திப் புதிய கிளஸ்டரைத் தொடங்கிவிட்டால் பழைய கிளஸ்டருக்குத் திரும்ப முடியாதாகையால் நகல் முறையையே கையாளுங்கள். தமிழ்ப் பெயர்த் தேடல்கள் இரண்டிலும் ஒரே விடை தரும் வரை பழைய கிளஸ்டரை வைத்திருங்கள், நீக்க வேண்டாம். தணிக்கையாளர் ஆட்சேபித்தால், எந்த விதியின் எந்த உட்பிரிவின்படி என்று எழுத்து மூலம் கேளுங்கள்.