குட்டி யானையும் ஆட்டுக்கல் குழவியும்

போன வருஷம் கல்லாவியிலிருந்து ஓசூருக்கு வீடு மாத்தினோம். மாத்தினோம்னா, அம்மா அப்பாவை நான் இருக்குற வாடகை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், ரெண்டு மூட்டை ராகி, அப்புறம் அம்மா விடவே மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்ச ஆட்டுக்கல். கிரைண்டர் இருக்கும்மான்னு சொன்னா, "கரண்ட் போனா உன் லேப்டாப்ல மாவாட்டுவியா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. பதில் இல்ல.

வண்டி எங்க மாமாவோடது. குட்டி யானை. 2005-ல டாடா ஏஸ் வந்த பிறகுதான் எங்க பக்கம் மாட்டு வண்டி, டிராக்டர் டிரெய்லர் ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாகனம்னு ஒண்ணு வந்துச்சு. மாமா அதுல தக்காளி, தேங்கா, சிமெண்ட், கல்யாண வீட்டுப் பாத்திரம், எல்லாம் ஏத்துவார். மத்தூர் வழியா கிருஷ்ணகிரி வந்து, சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு மாடு ஹைவேயைக் குறுக்கே கடந்துச்சு. மாமா பிரேக் அடிச்சார். மாடு தப்பிச்சது. பின்னாடி "டொம்"முன்னு ஒரு சத்தம்.

இறங்கிப் போய்ப் பார்த்தா, ஆட்டுக்கல் நகர்ந்தது கொஞ்சம்தான். குழவி இருக்கே, அது தனியா உருண்டு போய் ஃபிரிட்ஜ் கதவுல முட்டி, அங்கிருந்து திரும்பி கேபின் பின்சுவத்துல ஒரு குழி போட்டிருந்தது. அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்துல, என் முதுகு.

வண்டித் தரையைப் பார்த்தேன். பெயிண்ட் முக்கால்வாசி போயிருந்தது. ஆட்டுக்கல் இழுத்த இடத்துல புதுசா ரெண்டு கோடு, வெள்ளி மாதிரி பளபளன்னு. பழைய கோடெல்லாம் துருப்பிடிச்சு செம்மண் கலர்ல. "இதெல்லாம் சகஜம்டா மாப்ள, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தகடு மாத்திக்குவேன்"ன்னு மாமா சொன்னார். எத்தனை செலவுன்னு கேட்டேன். சொன்னார். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு எழுதவே காரணம்.

நான் சாஃப்ட்வேர் ஆள். படிச்சது மெக்கானிக்கல், செய்யறது ஜாவா. நம்ம நாட்டுல இது ஒண்ணும் அபூர்வம் இல்ல :) ஆனா அன்னைக்கு ராத்திரி பழைய மெக்கானிக்ஸ் புத்தகத்துல படிச்ச உராய்வு எல்லாம் திரும்ப வந்துச்சு. கொஞ்சம் பொறுமையா இருங்க, கணக்கு சின்னதுதான்.

சரக்கைக் கட்டுறதுக்கு ஐரோப்பாவுல ஒரு தரநிலை இருக்கு, ஈ.என். 12195-ன்னு பேர். அது என்ன சொல்லுதுன்னா, வண்டி பலமா பிரேக் அடிச்சா சரக்கு தன் எடையில 80 சதவீத விசையோட முன்னாடி பாயும்னு வச்சுக்கோங்க; பக்கவாட்டிலயும் பின்னாடியும் 50 சதவீதம். அதாவது 1000 கிலோ சரக்குன்னா முன்பக்கம் 800 கிலோ தள்ளு. (ஏஸ்ல முக்கால் டன்தானே ஏத்தணும்னு கேக்காதீங்க. எங்க ஊர்ல வந்து பாருங்க.) இதை எதிர்த்து நிக்கிறது முதல்ல உராய்வு. மரப்பெட்டி வழுவழுப்பான இரும்புத் தகட்டு மேல இருந்தா உராய்வுக் கெழு சுமார் 0.3. அப்போ தரை பிடிச்சு வைக்கிறது 300 கிலோ. பாக்கி 500 கிலோவைக் கயிறு பார்த்துக்கணும்.

கயிறு எப்படிப் பார்த்துக்கும்? நாம பெரும்பாலும் சரக்குக்கு மேல போட்டு ரெண்டு பக்கமும் கீழ இழுத்துக் கட்டுறோம். அந்தக் கயிறு சரக்கை முன்னாடி போகாம நேரடியா பிடிக்கிறதே இல்ல. அது சரக்கைத் தரையோட அமுக்குது, அவ்வளவுதான். அமுக்குறதுல கிடைக்கிற கூடுதல் உராய்வுதான் நமக்கு லாபம். ரெண்டு பக்கமும் சேர்த்து 0.3-ஆல பெருக்கி 500 கிலோ வரணும்னா, ஒவ்வொரு பக்கமும் 833 கிலோ இழுவிசை வேணும். கையால கட்டுற கயித்துல லோடுமேன் எவ்வளவு பலசாலியா இருந்தாலும் இது வராது. எட்டு, ஒன்பது கயிறு போடணும். நாம போடுறது ரெண்டு.

இப்போ தரையில ஒரு ரப்பர் மேட் போடுங்க. கெழு 0.6 ஆயிடும். தரை பிடிக்கிறது 600. பாக்கி 200. அதுக்குக் கயித்துல வேண்டிய இழுவிசை ஒவ்வொரு பக்கமும் 167 கிலோ. 833 எங்க, 167 எங்க? அஞ்சுல ஒரு பங்கு. பாதுகாப்புக்குக் கூடுதலா விடவேண்டியதை நான் இதுல சேர்க்கல, சேர்த்தாலும் கதை மாறாது. தரையில கீறல் விழாம இருக்கப் போடுற மேட், சத்தமே இல்லாம முக்கால்வாசிக் கயித்தோட வேலையைச் செஞ்சுடுது. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சும் இது எனக்கு உறைக்கல, ஒரு குழவி வந்து முட்ட வேண்டியிருந்தது.

ஆனா "தரையைப் பாதுகாக்க ஏதாவது போடு"ன்னு சொன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. அமெரிக்காவுல பிக்கப் வண்டிக்காரங்க பல வருஷமா ஒரு கெட்டி பிளாஸ்டிக் தொட்டி மாதிரி ஒண்ணை வண்டிக்குள்ள இறக்கி வைக்கிறாங்க. கீறல் விழாது, உண்மை. ஆனா பிளாஸ்டிக் வழுக்கும்; சரக்கு முன்னைவிட நல்லா ஓடும். அதோட அந்தத் தொட்டிக்கும் தகட்டுக்கும் நடுவுல தண்ணி தங்கி, வண்டி ஆடுற ஆட்டத்துல பெயிண்ட் உரசி, கண்ணுக்குத் தெரியாமலே கீழ துரு பிடிக்கும். மேல பார்த்தா மாப்பிள்ளை, கீழ பார்த்தா சல்லடை. அதுக்கப்புறம்தான் தகட்டு மேலேயே ஒட்டிக்கிற மாதிரி பாலியூரித்தேன் தெளிக்கிற முறை அங்க பிரபலமாச்சு. சொரசொரன்னு இருக்கும், தண்ணி புகாது. நல்ல கண்டுபிடிப்பு. நம்ம ஊர் குட்டி யானைக்காரருக்கு அது கட்டுப்படியாகுமான்னா, ஆகாது.

சரி, கட்டுப்படியாகறது என்ன? எங்க மாவட்டம் மாங்காய்க்கு மட்டும் இல்ல, கல்லுக்கும் பேர் போனது. ஜகதேவி, பர்கூர் பக்கம் கிரானைட். அங்கங்கே ஜல்லி கிரஷர். கிரஷர்ல ஓடி ஓய்ஞ்ச கன்வேயர் பெல்ட்டை வாங்கி டிப்பர் தரையில, டிராக்டர் டிரெய்லர்ல விரிச்சு ஆணியடிச்சு வச்சிருப்பாங்க, நானே பார்த்திருக்கேன். யாரும் காப்புரிமை வாங்கல. யாருக்கும் உராய்வுக் கெழு தெரியாது. ஆனா வேலை செய்யுது. நான் பார்த்ததிலேயே உருப்படியான உள்ளூர் கண்டுபிடிப்பு இதுதான். என்ன குறைன்னா, அது கல்லு வண்டியோட நின்னு போச்சு. தக்காளி வண்டிக்கும் வீடு காலி பண்ற வண்டிக்கும் வரல.

கிரானைட்னதும் ஞாபகம் வருது. ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2.7 டன். மூணு மீட்டர் நீளம், ஒண்ணரை மீட்டர் அகலம், ஒண்ணரை மீட்டர் உயரம்னு ஒரு பிளாக்கை எடுத்துக்கிட்டா 18 டன் வந்துடும். அதை லாரி மேல வச்சு, ரெண்டு மரக்கட்டையைக் கீழ சொருகி, சங்கிலி போட்டும் போடாமலும் ஹைவேயில போறதைப் பார்த்திருப்பீங்க. நான் அந்த மாதிரி லாரிக்குப் பின்னாடி பைக்ல போறதே இல்ல. முன்னாடியும் போறதில்ல. டீ குடிக்க நிறுத்திடுவேன்.

இதே சாலையில இன்னொரு உலகமும் ஓடுது பாருங்க. ஓசூர்ல அசோக் லேலண்ட் 1980-லிருந்து லாரி செய்யுது. டி.வி.எஸ். மோட்டார் இங்கதான். போச்சம்பள்ளியில ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை 2021-ல வந்துச்சு, எங்க கல்லாவிக்குப் பக்கம். புது டூவீலர் ஏத்திட்டுப் போற மூடின கேரியரைத் திறக்கும்போது எட்டிப் பாருங்க. ஒவ்வொரு வண்டியும் பெல்ட் போட்டு இறுக்கி, சக்கரம் நகராம நிறுத்தி வச்சிருப்பாங்க. ஆயிரம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் போனாலும் ஒரு கீறல் இல்லாம இறங்கணும். ஏன்னா கீறல் விழுந்தா யாரோ ஒருத்தர் பணம் கட்டணும், அது யாருன்னு பேப்பர்ல எழுதியிருக்கு. அதே கேரியருக்குப் பின்னாடி வர்ற மாங்காய் வண்டியில கீறல் விழுந்தா யார் கட்டுறதுன்னு எங்கேயும் எழுதல. மாங்காய்க்கு நஷ்டம் விவசாயிக்கு, தகட்டுக்கு நஷ்டம் வண்டிக்காரருக்கு, எலும்புக்கு நஷ்டம் மேல உட்கார்ந்து வர்றவனுக்கு.

ஆமா, மேல உட்கார்ந்து வர்றவன். இதைச் சொல்லாம முடிக்க முடியாது.

எங்க தெருப் பையன் ஒருத்தன். பேர் வேண்டாம். பிளஸ் டூ முடிச்சுட்டு மாங்கா சீசன்ல லோடு வேலைக்குப் போனான். பெங்களூரா மாங்கா, பிளாஸ்டிக் டிரே, கூழ் ஃபேக்டரிக்குப் போற வண்டி. அஞ்சு அடுக்கு டிரே, மேல ஒரு கயிறு. "டேய், மேல ஏறி உக்காந்துக்கோ, லோடு ஆடாம இருக்கும்"னு சொல்லி ஏத்திவிட்டாங்க. எங்க பக்கம் இது யாரும் யோசிக்காம சொல்ற வார்த்தை. ஒரு வளைவுல டிரே சரிஞ்சது, அவனும் சரிஞ்சான். இடுப்பு எலும்பு. எட்டு மாசம் கட்டில். இப்போ நடக்குறான், ஆனா மூட்டை தூக்க முடியாது. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், போடாமலே இருந்திருக்கலாம். அவன் எடை 60 கிலோன்னு வச்சுக்கோங்க. மேல உட்கார்ந்தா தரையில கூடுற உராய்வு 60-ஐ 0.3-ஆல பெருக்கினா 18 கிலோ. ஆனா அவனும் சரக்குதானே? பிரேக் அடிச்சா அவன் உடம்பும் 48 கிலோ விசையோட முன்னாடி தள்ளும். வளைவுல 30 கிலோ. அதாவது அவன் மேல உட்கார்ந்ததால லோடு ஆடாம இருக்கல, இன்னும் கொஞ்சம் அதிகமா ஆடுச்சு. ஒரு பிரயோஜனமும் இல்லாத இடத்துல ஒரு ஆளை உட்கார வச்சோம்.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. கம்பியை வண்டிக்கு வெளிய நீட்டிட்டுப் போகக்கூடாதுன்னு 2014-ல விதி மாத்தினாங்க. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துல, சரக்கு வண்டியை விட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா 20,000 ரூபாய் அபராதம். நல்லது. ஆனா கவனிச்சீங்களா, நீட்டுறது போலீஸ் கண்ணுக்குத் தெரியும். உள்ள தளர்வா இருக்குறது தெரியாது.

கண்டுபிடிப்பு இல்லையான்னா, அதுவும் இருக்கு. இருக்கு என்ன, கொட்டிக் கிடக்கு. 1956 ஏப்ரல் 26-ந்தேதி மால்கம் மெக்லீன்கிற லாரிக் கம்பெனிக்காரர் 58 பெட்டிகளைக் கப்பல்ல ஏத்தி நியூவார்க்குலேர்ந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இன்னைக்கு நாம பார்க்குற கண்டெய்னர் யுகம் அங்க ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. பெட்டியைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. எனக்குப் பிடிச்சது அந்தப் பெட்டியோட நாலு மூலையில இருக்குற பூட்டு. கீத் டான்ட்லிங்கர்ங்கிற எஞ்சினியர் உருவாக்கினது. ஒரு திருகுல கண்டெய்னர் லாரியோட பூட்டிக்கும், இன்னொரு திருகுல கழண்டுக்கும். முடிச்சு இல்ல, கயிறு இல்ல, கட்டுறவன் திறமைசாலியா சோம்பேறியான்னு பார்க்க வேண்டியதில்ல. அப்புறம் 1960-கள்ல அந்தக் காப்புரிமையை எல்லாரும் பயன்படுத்திக்கட்டும்னு விட்டுக்கொடுத்தாங்க, அதனாலதான் உலகம் பூரா ஒரே மூலைப் பூட்டு. கிருஷ்ணகிரி டோல்கேட்ல நிக்கிற கண்டெய்னர்லயும் அதே வகைதான்.

நம்ம சின்ன வண்டிக்கு அந்த அளவு கூட வேண்டாம். ராட்செட் பட்டை போதும். 50 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் பட்டை, கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குறது. சாதாரண கை பலத்துல சுமார் 300 கிலோ இழுவிசை கொடுக்கும். மேல சொன்ன 833-க்கு மூணு பட்டை, ரப்பர் மேட் இருந்தா ஒரே பட்டை. முன் தடுப்போட ஒட்டி அடுக்கினா இன்னும் நிம்மதி. நைலான் கயிறு மாதிரி அரை மணி நேரத்துல தொங்கிப் போகாது. போனாலும் வண்டியை நிறுத்தி ரெண்டு கிளிக் அடிச்சா முடிஞ்சது.

பட்டையை மாட்ட கொக்கி வேணுமே? அதுதான் என் இன்னொரு கோபம். சின்ன வண்டிகள்ல கொக்கி எல்லாம் பக்கத் தகட்டுக்கு வெளியதான், அதுவும் தார்ப்பாய் கட்டுற கயித்துக்குன்னு யோசிச்சு வச்ச மாதிரி. தரையிலேயே நாலு வளையம் பதிச்சுக் கொடுத்தா என்னங்க? கேபினுக்குள்ள பாட்டு கேக்க இடம் விடத் தெரியுது. வாங்குறவங்களும் கேக்குறதில்ல. ஸ்டிக்கர், ஏர் ஹாரன், கண்ணு மாதிரி லைட், முன்னாடி எலுமிச்சம்பழம் மிளகாய். இதுக்கெல்லாம் பணம் இருக்கு, பட்டைக்கு மட்டும் இல்ல. எலுமிச்சம்பழத்தைக் குறை சொல்லல, அதுபாட்டுக்குத் தொங்கட்டும்.

மாமாகிட்ட இதெல்லாம் சொன்னப்போ சிரிச்சார். "நீ சொல்றது சரிதான் மாப்ள. ஆனா பட்டை மாட்டி இறுக்க பத்து நிமிஷம், கழட்ட பத்து நிமிஷம். மண்டியில அந்த நேரத்துல பின்னாடி அஞ்சு வண்டி ஹாரன் அடிப்பான். லோடுமேனுக்குக் கூலி மூட்டைக் கணக்கு, கட்டுறதுக்கு யார் குடுப்பா?" இதுக்கு என்கிட்ட ஃபார்முலா இல்ல. ஒண்ணு மட்டும் சொன்னேன்: தகடு மாத்துறதுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நீங்க செலவு பண்றதுல பாதிக்கும் கீழ மேட்டும் மூணு பட்டையும் வரும். கூலியில பத்து ரூபா சேர்த்துக் கொடுத்தா லோடுமேன் கட்டமாட்டேன்னா சொல்லப்போறார்? மாமா பதில் சொல்லல. தலையை ஆட்டினார், அது ஆமான்னும் எடுத்துக்கலாம், பார்க்கலாம்னும் எடுத்துக்கலாம்.

பர்கூர் பக்கம் ஒரு கிரஷர்ல பழைய பெல்ட் எட்டடித் துண்டு சொல்லி வச்சிருக்கேன். ராட்செட் பட்டை மூணு ஓசூர்லேயே வாங்கியாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் நானே ஆணியடிச்சுப் பொருத்தப்போறேன். அந்தப் பையனையும் கூப்பிட்டிருக்கேன், அவனுக்கு டிரில்லிங் மெஷின் பிடிக்கத் தெரியும். குழவி இப்போ எங்க வீட்டுப் பால்கனியில இருக்கு. ஃபிரிட்ஜ் கதவுக் குழியை மறைக்க அம்மா ஒரு முருகர் காலண்டர் மாட்டியிருக்காங்க.