பரணில் கிடக்கும் பெட்டி



போன பங்குனிப் பொங்கலுக்கு எங்க ஊர்ல வள்ளி திருமணம் நாடகம் போடலை. ஆடலும் பாடலும் வச்சாங்க. நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிற எங்க தாத்தா அன்னைக்குப் பொழுது சாயுறதுக்கு முன்னாடியே படுத்துட்டாரு. ஆர்மோனியத்தை எங்க வீட்ல பெட்டின்னுதான் சொல்லுவோம். அது இப்போ பரண்ல கிடக்கு.

போலந்துன்னு ஒரு நாடு. 1918 வரைக்கும் அதை ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா மூணும் பங்கு போட்டு வச்சிருந்தன. அப்போ அந்த நாட்டுக் கவிதைகளுக்கு இசையமைச்சு, ஒருத்தர் பியானோ வாசிக்க ஒருத்தர் பாடுவாங்களாம். நாடு போனாலும் மொழி பாட்டுல இருந்தது.

நம்ம பக்கமும் அப்படித்தான். பியானோவுக்குப் பதிலா பெட்டி. நாகலாபுரத்துல பிறந்த மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டு எழுதினார். சிவகாசியில பிறந்த விசுவநாததாஸ் அதை மேடையில பாடினார். வெள்ளைக்காரனைக் கொக்குன்னு கேலி செஞ்சு பாடுனதுக்கெல்லாம் போலீஸ் பிடிச்சுட்டுப் போகும். வெளியே வந்து மறுபடியும் பாடுவார். 1940இல் முருகன் வேஷத்தோட மேடையிலேயே உயிர் விட்டார். இவ்வளவு பெரியவரை, முடிதிருத்தும் சாதின்னு சொல்லி, கூட நடிக்கவே சிலர் மறுத்தாங்களாம். படிச்சப்போ அழுகையா வந்துச்சு.

பெட்டிக்கும் அவமானம் நடந்திருக்கு. சுரத்தை வளைச்சு வாசிக்க முடியாதுன்னு 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளி வச்சது. 1971 வரைக்கும் தடை. ஆனா நம்ம கிராமத்து மேடைகள் அதைக் கைவிடலை. வானொலி கைவிட்டப்பவும் விடாத நாம, இப்போ ஏன் விடணும்?

நான் சினிமாப் பாட்டைக் குறை சொல்லலை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ். அதுக்கும் பாட்டு எழுதினது இதே பாஸ்கரதாஸ்தான். சினிமாப் பாட்டுக்கு நாடகப் பாட்டு தாத்தா முறை. பேரன் வந்துட்டான்னு தாத்தாவைத் திண்ணையை விட்டு எழுப்பலாமா?

நான் பெட்டி கத்துக்கிறேன்னு சொன்னதுக்கு எங்க அத்தை, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி பெட்டி?"ன்னு கேட்டாங்க. கே.பி. சுந்தராம்பாள் அம்மா நாடக மேடையில பாடித்தான் பேர் வாங்கினாங்க. பிறகு சட்ட மேலவை உறுப்பினராவும் ஆனாங்க. இதைச் சொன்னேன். அத்தை ஒண்ணும் பேசலை. தாத்தா மட்டும் சிரிச்சாரு.

தலைமையாசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுல பத்து டான்ஸ் இருக்கட்டும். அதோட பாரதியார் பாட்டு ஒண்ணு, கேசட், ஸ்பீக்கர் எதுவும் இல்லாம, பெட்டி வச்சு நாங்களே பாடுறோம். வாசிக்க எங்க தாத்தா வருவாரு. காசு வேண்டாம், ஒரு நாற்காலி போதும்.

அடுத்த வருஷம் அந்த நாற்காலியில நான் உட்காருவேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி