கூலியை விலையோடு கட்டிய துரை

தேயிலை விலைக்குத் தகுந்தபடி சம்பளம் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. கூட்டு ஒப்பந்தக் காலத்தில் விலைப் பங்கு என்ற பெயரில் நாட்சம்பளத்தோடு சில ரூபாக்கள் சேர்க்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. விலையையும் கூலியையும் ஒரே கயிற்றில் கட்டும் இந்த யோசனை முழு அளவில், அதுவும் கால் நூற்றாண்டுக்கு மேலாக, நடைமுறையில் இருந்த இடம் ஒன்று உண்டு. பிரிட்டனின் தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்கள்தான் அது. அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்திருந்தவர் வில்லியம் தோமஸ் லூயிஸ்.

லூயிஸ் 1837இல் மேர்தர் டிட்வில் நகரில், இரும்பாலை ஒன்றின் பொறியியலாளருக்கு மகனாகப் பிறந்தவர். பியூட் பிரபுவின் சொத்துக்களை நிர்வகித்து உயர்ந்தார். சொந்தச் சுரங்கங்கள் வாங்கினார். சுரங்க முதலாளிமார் சங்கத்தின் பெருந்தலைவரானார். 1880இல் மேர்தர் தொகுதியில் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டபோது மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அரசாங்கமோ 1885இல் சேர் பட்டம் கொடுத்தது. மேர்தரில் அவருக்குச் சிலையும் எழும்பியது.

1875இல் முதலாளிமார் பல மாதங்கள் சுரங்கங்களை மூடிவைத்தார்கள். பட்டினியால் தளர்ந்த தொழிலாளர் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் கூலிக்குறைப்பை ஏற்றுத்தான் திரும்பினார்கள். அவர்களுடைய சங்கமும் உடைந்துபோனது. அந்த வருடக் கடைசியில் வந்ததே ஏறி இறங்கும் கூலி முறை. நிலக்கரி விற்ற விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். இரு தரப்பும் சேர்ந்த குழுவுக்கு லூயிஸ் தலைவர். தொழிலாளர் தலைவர் மேபன் உபதலைவர். மேபனை நாம் குறை சொல்ல வரவில்லை. சங்கம் நொறுங்கிக் கிடந்த நேரத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததே பெரிது என்று அவர் எண்ணியிருக்கலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விலையை யார் தீர்மானித்தது? சுரங்கத்துக்குள் கரி வெட்டியவன் அல்ல. ஒரு முதலாளி கூடுதலாகத் தோண்டி, மற்றவனை விடக் குறைத்து விற்றால், அந்த நட்டத்தின் ஒரு பங்கைத் தொழிலாளியின் கூலி தானாகவே தாங்கிக்கொண்டது. அதனால் குறைத்து விற்க அவர்களுக்குப் பயமில்லாமல் போனது. கூலிக்கு அடிநிலை இல்லை. வீட்டு அடுப்புக்கோ அடிநிலை உண்டு.

லூயிஸ் 1881இல் விபத்து நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். விதவைகளுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் அதனால் உதவி கிடைத்தது உண்மை. அதை மறுக்கமாட்டோம். ஆனால் அந்த நிதிக்குத் தொழிலாளரின் கூலியிலிருந்தும் பணம் பிடிக்கப்பட்டது. அதற்கு முந்திய வருடம் வந்த முதலாளிமார் பொறுப்புச் சட்டமோ, நட்டஈட்டுக்கு வழக்குப் போடும் உரிமையைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க இடம் வைத்திருந்தது. இப்படி நிதியைக் கொடுத்து உரிமையை வாங்கிக்கொள்ள முதலாளிமாரால் முடிந்தது.

1898இல் தொழிலாளர் இந்த முறையை மாற்றி, நூற்றுக்குப் பத்து வீதம் உயர்வு கேட்டார்கள். மீண்டும் கதவடைப்பு. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. முடிவில் தொழிலாளர் தோற்றார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை இருந்த விடுமுறையும் பறிபோனது. ஆனால் அடுத்த மாதமே, ஒக்டோபரில், பள்ளத்தாக்குக்கு ஒன்றாகச் சிதறிக்கிடந்த சிறு சங்கங்கள் சேர்ந்து தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. சில வருடங்களுக்குள் ஏறி இறங்கும் கூலி முறை ஒழிந்தது. வெற்றி பெற்ற துரைதான் அந்தச் சங்கத்தைப் பிறப்பித்தார் என்றுகூடச் சொல்லலாம்!

லூயிஸ் 1911இல் பிரபுவானார். பட்டத்தில் தன் சுரங்க ஊரான செங்கென்னித்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அங்கே 1901இல் நடந்த வெடிப்பில் 81 பேர் இறந்திருந்தார்கள். 1913 ஒக்டோபர் 14ஆம் திகதி அதே சுரங்கம் மறுபடி வெடித்தது. 439 தொழிலாளரும், மீட்கப் போன ஒருவரும் மாண்டார்கள். காற்றோட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பும் ஏற்பாடு வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தும், அது செய்யப்பட்டிருக்கவில்லை. நீதிமன்றம் மானேஜருக்கு 24 பவுண் தண்டம் போட்டது. கம்பனி முதலில் தப்பியது; மேன்முறையீட்டுக்குப் பிறகு அதற்கு 10 பவுண்.